ஒரு பிசிர் விடாமல்

போன மாதம் சின்னமனூரில் ஸ்டுடியோ வைத்திருக்கும் தம்பி ஒருவர் என்னைப் பார்க்க வந்தார். வந்தவர் சும்மா இருக்கவில்லை. போனை எடுத்து ஒரு பதிவைப் போட்டுக் காட்டினார். கொட்டும் மழைக்கு நடுவே யாரோ பேசுகிறார்கள். ஒரு பொத்தானை அமுக்கினார். மழை நின்றுவிட்டது, பேச்சு மட்டும் இருக்கிறது. "நீங்க முப்பத்தோரு வருசமா காதாலயும் கையாலயும் செஞ்ச வேலைண்ணே. இப்ப ஒரே அமுக்கு" என்றார். எனக்குக் கோபமே வரவில்லை என்று எழுதினால் என் மனைவி வசந்தா சிரிப்பாள். அவருக்குக் கொடுத்த காபியில் நான்தான் சர்க்கரை போடாமல் விட்டேன்.

மறுநாள் ஒலிப்பதிவு செய்கிறவர்களின் வாட்ஸப் குழுவில், "மணியண்ணன் தன் அனுபவத்தை எழுத வேண்டும், புதியவர்களுக்கு உதவும்" என்று ஒரு செய்தி. கீழே பதினைந்து கட்டைவிரல். சரி, எழுதுகிறேன். ஆனால் நான் சுத்தமாகச் செய்த வேலைகளைப் பற்றி எழுதினால் அரைப் பக்கத்தில் முடிந்துவிடும். நான் சொதப்பிய ஒரு வேலையைப் பற்றித்தான் எழுத இருக்கிறது. அதைச் சொல்ல, கொஞ்சம் முன்னாலிருந்து வர வேண்டும்.

என் முழுப்பெயர் ராஜாமணி. அல்லிநகரத்தில் ஓர் உரக்கடைக்கு மேலே, மாடியில் இருந்த ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்த்தேன். ஐ.டி.ஐ. முடித்து ரேடியோ ரிப்பேர் கற்றுக்கொண்டு, வேலை கேட்டுப் படியேறியவன். முதல் மூன்று வருஷம் ஒயர் சுருட்டினேன், டேப்பை பிளேடால் வெட்டி ஒட்டினேன், திட்டு வாங்கினேன். பயிற்சி அவ்வளவுதான். பிறகு கம்ப்யூட்டர் வந்தது. பிளேடு போய் மவுஸ் வந்தது, திட்டு மட்டும் அப்படியே இருந்தது. நாங்கள் செய்யாத பதிவு இல்லை. கோயில் பாட்டு, ஆட்டோவில் போகும் விளம்பரம், வாழைக்கன்று விற்பனை அறிவிப்பு, தேர்தல் பேச்சு, காதுகுத்துக்கு மாமன் வருகிற பாட்டு என்று எல்லாம் அந்த மாடியில் பிறந்தவை.

வேலையின் முறையைச் சொல்லிவிடுகிறேன். பதிவு தொடங்கும் முன் ஃபேனை நிறுத்த வேண்டும். சித்திரை வெயிலானாலும் நிறுத்த வேண்டும். பிறகு யாரும் அசையாமல் பத்து எண்ணும்வரை வெறும் அறையைப் பதிய வேண்டும். காலி அறைக்கும் ஒரு சத்தம் உண்டு. அது தெரிந்தால்தான் பின்னால் அதைக் கழிக்க முடியும். ஆனி, ஆடியில் மலை இடுக்கு வழியாக வருகிற காற்று எங்கள் ஜன்னலைப் பிடித்து உலுக்கும். அதற்கு ஈரச் சாக்கைத் திணிப்போம்.

பதிந்து முடித்ததும் கையில் இருப்பதற்கு எங்கள் கூடத்தில் 'பச்சை' என்று பெயர். அதைக் கழுவாத காய்கறி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து இருமல், மூச்சு, எச்சில் விழுங்குவது, நாற்காலி முனகுவது எல்லாவற்றையும் நீக்குவதற்குப் 'பிசிர் எடுக்கிறது' என்று பெயர். எடுத்த ஒவ்வொரு பிசிரையும் ஒரு தாளில் எழுத வேண்டும். எத்தனையாவது நிமிஷம், எத்தனையாவது செகண்டு, என்ன சத்தம். இது பிசிர்ச் சீட்டு. சீட்டையும் சுத்தமான பதிவையும் முதலாளியிடம் கொடுக்க வேண்டும். அவர் ஒப்புக்கொண்டால் பச்சையை அழித்துவிட வேண்டும். கம்ப்யூட்டரில் இடம் கிடையாது. எங்கள் கூடத்தில் மாறாத சட்டம் அது.

முதலாளி காளிமுத்துவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பதிவைக் கேட்கும்போது ஸ்பீக்கரைப் பார்க்க மாட்டார். சுவரைப் பார்த்து நின்று, இடது காதின் மடலைப் பிடித்துக்கொண்டு, ஒரு செருப்பை மட்டும் கழற்றிவிட்டுக் கேட்பார். ஏன் ஒரு செருப்பு என்று கேட்க யாருக்கும் தைரியம் வந்ததில்லை. நன்றாக இருக்கிறது என்று அவர் வாயால் சொல்லி நான் கேட்டதே இல்லை. வேலை பிடித்திருந்தால் தன் டம்ளரிலிருந்து பாதி டீயை என் டம்ளரில் ஊற்றுவார். பிடிக்காவிட்டால் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே முழு டீயையும் தானே குடிப்பார். அதைவிட இரண்டு அறை வாங்கலாம்.

நான் எவ்வளவு சுத்தக்காரன் என்பதற்கு ஒன்று சொல்கிறேன், பெருமைக்காகத்தான். உள்ளாட்சித் தேர்தலில் நின்ற ஒருவர் ஓட்டுக் கேட்டுப் பேச வந்தார். தங்கமான மனுஷர், ஆனால் பயங்கரத் திக்குவாய். எட்டு நிமிஷம் பேசினார். நான் ஒரு பகல் உட்கார்ந்து திக்கலை எல்லாம் எடுத்து மூன்று நிமிஷமாக்கினேன். அருவி மாதிரி கொட்டியது. அவர் ஜெயித்தும் விட்டார். ஆனால் மனு கொடுக்கப் போனவர்கள், "ஓட்டுக் கேட்டாகளே, அவுக எங்க? அவுகளக் கூப்பிடுங்க" என்று அவரிடமே கேட்டார்களாம். பாவம், ஐந்து வருஷம் என்னை எங்கே பார்த்தாலும் முறைத்தார். முதலாளி அன்று எனக்கு முக்கால் டம்ளர் ஊற்றியிருந்தார்.

அப்படிப்பட்ட கை எனக்கு. இப்போது பாண்டீஸ்வரி வருகிறாள்.

பாண்டீஸ்வரிக்குச் சொந்த ஊர் சின்னமனூர், வாக்கப்பட்டது பெரியகுளம். கணவர் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர். இவள் மதுரைக்குப் போய்ப் பதினோரு வருஷம் முறையாக வயலின் கற்றவள். ஒரு பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர். எங்கள் கூடத்தில் பல பக்திப் பாட்டுகளுக்கு அவள்தான் வாசித்திருக்கிறாள். வெண்ணெய் மாதிரி வாசிப்பாள். எனக்கு வேலையே வைக்க மாட்டாள்.

ஓர் ஆனி மாதம், வியாழக்கிழமை மத்தியானம் வந்தாள். அவள் வருவதற்கு முன்பே முதலாளி சொல்லிவிட்டார். "ஏலே மணி, நம்ம பாண்டீசு ஏதோ வெளிநாட்டுப் போட்டிக்கு அனுப்புதாம். வயலினு மட்டுந்தான், வேற பக்க வாத்தியம் கெடையாது. சுத்தமா இருக்கணும்னு சொல்லிச்சு." பாண்டீஸ்வரி அவரிடம் உண்மையில் சொன்னது, "வெட்டு ஒட்டு இல்லாம சுத்தமா ஒரே மூச்சுல எடுக்கணும்" என்பது. அதில் முதலாளியின் காதில் தங்கியது 'சுத்தமா' மட்டும். அந்த இடது காது மடலைச் சும்மாவா பிடித்துக்கொண்டே இருந்தார்!

உள்ளே வந்தவள் மைக் வைக்கும்போதே விசித்திரமாகப் பேசினாள். "குதிரைக்குப் பின்னாடியும் வாசிப்பேண்ணே, மைக்க இன்னும் கிட்டக்க அங்கன வைங்க" என்றாள். குதிரை என்பது வயலினில் கம்பிகளைத் தூக்கிப் பிடிக்கும் சின்னப் பலகை. அதற்குப் பின்னால் யாரும் வாசித்து நான் பார்த்ததில்லை. பிறகு சொன்னாள், "அண்ணே, முக்கியமானது. பிசிரு ஒண்ணு விடாம எடுத்துருங்க."

"அத எங்கிட்டச் சொல்லணுமா ஆத்தா?" என்றேன். என் குரலில் எவ்வளவு திமிர் இருந்திருக்கும் என்று இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

ஃபேனை நிறுத்தினேன், வெறும் அறையைப் பதிந்தேன், கண்ணாடி வழியாகக் கை காட்டினேன். அவள் வில்லைக் கம்பியில் வைத்து அழுத்தினாள் பாருங்கள், அடிப்பிடித்த சட்டியைக் கரண்டியால் சுரண்டுகிற சத்தம் வந்தது. சுதி சேர்க்கிறாள் போல என்று நினைத்தேன். வில்லைத் திருப்பிப் பிடித்து அதன் கட்டையால் கம்பியைத் தட்டினாள். கை பழகட்டும் என்று காத்திருந்தேன். கம்பியை இறுக்குகிற பிரடையைத் திருகிக்கொண்டே இழுத்தாள். ஒரு தவளை கத்தியது, ஒரு சைக்கிள் பிரேக் பிடித்தது, வாழைநாரைக் கிழிக்கிற மாதிரி என்னவோ வந்தது. நடுநடுவே இரண்டு மூன்று இடத்தில் மட்டும் கண்ணீர் வருகிற மாதிரி ஓர் இழை, உடனே மறுபடியும் சுரண்டல். எப்போதுதான் ஆரம்பிப்பாள் என்று நான் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். வில்லை இறக்கினாள், வியர்வையைத் துடைத்தாள், என்னைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"முடிஞ்சிருச்சுண்ணே" என்றாள்.

பத்தொன்பது நிமிஷம் ஆகியிருந்தது. அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "ரெண்டு வருசமா முக்குறேன், இன்னைக்கு வந்த மாதிரி வந்ததே இல்லண்ணே" என்றாள். பாவம், பயத்தில் கை நடுங்கிவிட்டது, அதை மறைக்கப் பேசுகிறாள் என்று நான் முடிவு செய்துகொண்டேன். நம் வீட்டுப் பெண் மாதிரி, விட்டுக்கொடுக்க முடியுமா? "நீ கவலப்படாத ஆத்தா. சனிக்கிழம காலைல வா, எடுத்து வச்சிருப்பேன்" என்று அனுப்பினேன்.

வெள்ளிக்கிழமை முழுக்க உட்கார்ந்தேன். சாப்பிடக்கூட வீட்டுக்குப் போகவில்லை, வசந்தா தூக்குவாளியில் கொடுத்தனுப்பினாள். ஒவ்வொரு பிசிராகப் பெரிதாக்கிப் பார்த்து, காதில் வாங்கி, எடுத்தேன். சீட்டில் எழுதினேன். ஐந்து விதக் கிறீச் இருந்ததால் பெயர் வைத்துப் பிரித்தேன்: சட்டி, தவளை, பிரேக், நார், கதவு. நாலு நிமிஷம் பன்னிரண்டு செகண்டு, சட்டி. நாலு இருபது, மூச்சு. நாலு இருபத்தொன்று, சட்டி, நீளமானது. பதினான்கு பக்கம் ஆனது. இப்படி ஒரு பிசிர்ச் சீட்டு நான் என் ஆயுளில் எழுதியதில்லை. மிச்சம் நின்ற நல்ல இழைகளை ஒன்றோடு ஒன்று ஒட்டினால், மூன்று நிமிஷம் நாற்பது செகண்டு. சாயங்காலம் முதலாளி ஒரு செருப்பைக் கழற்றிவிட்டுக் கேட்டார். திரும்பினார். டம்ளரில் இருந்த டீ முழுவதையும் எனக்கு ஊற்றிவிட்டு வெறும் டம்ளரோடு நின்றார். அது என் வாழ்க்கையின் உச்சம் என்று அப்போது நினைத்தேன். பச்சையை அழித்தேன், கம்ப்யூட்டரின் குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன். அந்த இடத்தில் அன்றைக்கே ஒரு கும்பாபிஷேகத்தின் நாலு மணி நேரப் பதிவு ஏறி உட்கார்ந்துவிட்டது.

சனிக்கிழமை பத்து மணிக்குப் பாண்டீஸ்வரி வந்தாள். ஹெட்போனை மாட்டிவிட்டேன். மூன்று நிமிஷம் நாற்பது செகண்டும் அசையாமல் கேட்டாள். முடிந்ததும் மெதுவாகக் கழற்றினாள்.

"அண்ணே, இது யாரு வாசிச்சது?"

"நீதான் ஆத்தா."

"நான் வாசிச்சது எங்க?"

"இதுதான். பிசிரெல்லாம் எடுத்துட்டேன்ல."

"எடுத்து எங்கன வச்சீக?"

"எங்கன வைக்க? எடுத்தாச்சு."

அந்த நேரத்தில்தான் எனக்குப் பொறி தட்டியது. நம் தமிழில் 'எடு' என்பது எவ்வளவு பொல்லாத வார்த்தை என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை. போட்டோ எடுத்தால் வரும், பல் எடுத்தால் போகும். அவள் எடுக்கச் சொன்னது போட்டோவை, நான் எடுத்தது பல்லை. பதினான்கு பக்கத்துக்கு எடுத்திருக்கிறேன்!

அவள் வாசல்படியில் போய் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொன்னாள். பதினோரு வருஷமும் அவளுடைய வாத்தியார் "பிசிரு, பிசிரு" என்று அதட்டிக்கொண்டே இருந்தாராம். ஒரு நாள் வீட்டில் சாதகம் பண்ணும்போது, இதைத் துரத்தவே இவ்வளவு வருஷம் போனதே, இது அப்படி என்னதான் சொல்ல வருகிறது என்று உட்கார்ந்து கேட்டாளாம். அதிலிருந்து அவளாகவே உண்டாக்கிய இசை அது. அக்கம்பக்கத்தில் "வீட்ல பூனை குட்டி போட்டுருக்கா?" என்று கேட்டார்களாம். இப்படி வாசிக்கிறவர்கள் ஐரோப்பாவில் ஓர் ஊரில் வருஷா வருஷம் கூடுகிறார்களாம். அந்த ஊர்ப் பெயர் இன்று வரை என் வாயில் நுழையவில்லை. தனி வயலின், புதிய உருப்படி, வெட்டாமல் ஒட்டாமல் ஒரே மூச்சில் பதிந்தது, நாற்பது வயதுக்குள். கடைசி நாள் அன்றைக்குச் சனிக்கிழமைதான், நம் நேரத்துக்குச் சாயங்காலம் ஐந்து மணி.

"ஆடி பொறந்தா எனக்கு நாப்பதுண்ணே" என்றாள். "அடுத்த வருசம் கெடையாது."

முதலாளி படியேறி வந்தார். நடந்ததைச் சொன்னேன். காதைப் பிடித்துக்கொண்டார். "அழிக்கச் சொன்ன சட்டம் என்னோடதுல்ல, நீ ஏன் தலையக் குனியுற" என்று என்னிடம் சொல்லிவிட்டு, அவளிடம், "இன்னும் ஆறு மணி நேரத்துக்கு மேல இருக்கு தாயி. மறுபடி வாசி" என்றார்.

"ஆரம்பமும் முடிவும் கையில இருக்கு மொதலாளி. நடுவுல அன்னைக்குக் கை போன போக்குல போச்சு. எது எதுக்குப் பின்னாடி வந்துச்சுன்னு நெனப்பில்லையே" என்றாள்.

நான் மேஜை இழுப்பறையைத் திறந்தேன். பதினான்கு பக்கமும் இருந்தன. எதையெல்லாம் அழித்தேனோ அதெல்லாம் செகண்டு விடாமல் என் கையெழுத்தில் இருந்தது. நான் நல்ல இழை என்று விட்டுவைத்த மூன்றே முக்கால் நிமிஷம்தான் சீட்டில் இல்லை. அது அவள் காதில் இப்போதுதான் ஏறியிருக்கிறது. அவள் சீட்டை வாங்கிப் படித்தாள். முதல் பக்கம் பாதி போவதற்குள் சிரித்துவிட்டாள். "தவளையா? அண்ணே, தவளையா வாசிச்சேன்?"

"நல்ல தவளை ஆத்தா. மழைக்கு முந்தி கத்துமே, அது."

"இந்தச் சட்டிக்கும் அந்தச் சட்டிக்கும் என்ன வித்தியாசம்?"

எழுத்தில் சொன்னால் புரியவில்லை. வாயால் செய்து காட்டினேன். ஐம்பத்தாறு வயதில், கை கட்டி நின்று, க்ர்ர்ர் என்றும் கிறீஈஈ என்றும் டொக் டொக் என்றும் பக்கம் பக்கமாகக் கத்தினேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு, "ஆமா, ஆமா, அடுத்து?" என்று விரலால் காற்றில் வாசித்துக்கொண்டே கேட்டாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முதலாளி திரும்பி நின்றுகொண்டார், தோள் குலுங்கியது. எனக்கு வெட்கமாகவே இல்லை. அந்த வெள்ளிக்கிழமை முழுக்க அவள் இசையை உலகத்திலேயே கூர்ந்து கேட்டவன் நான்தான், அதைக் குப்பை என்று நினைத்துக் கேட்டேன் என்பதற்குத்தான் வெட்கம்.

பன்னிரண்டரைக்கு முதல் முறை பதிந்தோம். ஏழாவது நிமிஷத்தில் கீழே உரக்கடையில் லாரி வந்து மூட்டையைத் தொம்மென்று போட்டார்கள். போச்சு. இரண்டாவது முறை நடுவில் அவள் தடம் மாறிவிட்டாள், தானே நிறுத்திவிட்டாள். ஒரு கம்பியும் அறுந்தது. மாற்றிக் கட்டிச் சுதி சேர்ப்பதற்குள் மணி மூன்று. முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கீழே இறங்கினார். "ஆம்புலன்சத் தவிர எதுவும் இந்தத் தெருவுல போவக் கூடாது" என்று நடு ரோட்டில் போய் நின்றார். அவரை ஒதுக்கிவிட்டுப் போக அல்லிநகரத்தில் யாருக்கும் துணிச்சல் கிடையாது. எல்லாருடைய காதுகுத்துப் பாட்டும் அவரிடம் பதிந்ததுதான்.

மூன்றாவது முறை நான் கண்ணாடிக்கு வெளியே உட்காரவில்லை. மிஷினை ஓடவிட்டு, சீட்டோடு உள்ளே போய் அவள் எதிரே தரையில் உட்கார்ந்தேன். ஒவ்வொன்றுக்கும் முன்னால் வாயைச் சத்தமில்லாமல் அசைத்துக் காட்ட வேண்டும், அதுதான் ஏற்பாடு. சட்டி வந்தது, பிரேக் வந்தது, நார் வந்தது. வெளியே காற்று கூட அடங்கியிருந்தது. பதினொன்றாவது நிமிஷம், தவளை. வாயை அசைத்தேன். அவளுக்குப் புரியவில்லை. வில் பாதியில் நின்றது, என்னைப் பார்த்தாள். இன்னொரு முறை அசைத்தேன். ஊஹூம். இதுவும் போச்சு என்று அவள் கண்ணில் தெரிந்தது. என்னை அறியாமல் வாய் திறந்துவிட்டது.

"க்ர்ர்ராக்!"

அவள் முகம் மலர்ந்தது. வில் அப்படியே விழுந்து, என் தவளைக்குப் பதில் தவளை கொடுத்தது. அதற்குப் பிறகு அவள் என்னைப் பார்க்கவே இல்லை, தேவைப்படவில்லை. கடைசிவரை ஒரே ஓட்டமாக ஓடினாள். நான் சீட்டைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். சட்டி, தவளை என்று நான் வைத்த பெயரெல்லாம் காணாமல் போய்விட்டது. என்னவோ ஒரு பெண் இத்தனை வருஷம் சொல்லாமல் அடக்கியதை எல்லாம் சொல்லுகிற மாதிரி இருந்தது. ஆத்தாடி, எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

போட்டுக் கேட்டோம். மணி நாலு கடந்துவிட்டது. பதினொன்றாவது நிமிஷத்தில் என் குரல் கணீரென்று இருந்தது. சும்மா சொல்லக் கூடாது, நல்ல பதிவு. தனி வயலின் என்பது நிபந்தனை. முப்பது வருஷத்தில் என் இருமல் ஒன்றுகூட எந்தப் பதிவிலும் தங்கியதில்லை. கை தானாக மவுஸுக்குப் போனது. அந்த ஒரு செகண்டைப் பிடித்து இழுத்தால் போதும், எந்த வெள்ளைக்காரனுக்கும் தெரியாது.

"வேணாம்ணே" என்றாள் பாண்டீஸ்வரி.

"ஆத்தா, இன்னொரு குரல் இருந்தாத் தள்ளிருவாகளே!"

"தள்ளட்டும். வெட்டலன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டு வெட்டுனா, அப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வாசிக்க?"

"அதுக்கு எம்புட்டு வருசமாக் காத்திருந்த..."

"நீங்க கத்துனதாலதான இது முடிஞ்சது. எடுத்துட்டா அந்த எடத்துல நான் ஏன் சிரிச்ச மாதிரி வாசிக்கிறேன்னு யாருக்கும் தெரியாதுண்ணே."

என் கை மவுஸின் மேலேயே இருந்தது. எடுக்காமல் விடுவது எனக்கு அவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். நாலே முக்காலுக்கு அனுப்பினோம். முதலாளி தெருவிலிருந்து ஏறி வந்து, கேட்டார், இரண்டு செருப்பையும் கழற்றிவிட்டு. மூன்று பேருக்கும் டீ சொன்னார்.

இரண்டு மாதம் நான் சரியாகத் தூங்கவில்லை. ஒரு பெண்ணின் ஒரே வாய்ப்பில் முதலில் கத்தரியையும் பிறகு வாயையும் வைத்தவன் நான். புரட்டாசி பிறந்து ஒரு நாள், பாண்டீஸ்வரி பள்ளிக்கூடம் விட்டு நேராகக் கூடத்துக்கு வந்தாள். போனை நீட்டினாள். எனக்கு இங்கிலீஷ் அந்த அளவுக்கு ஓடாது, அவளே சொன்னாள். தேர்ந்தெடுத்துவிட்டார்கள். வந்து மேடையில் வாசிக்கச் சொல்கிறார்கள். அந்தக் குரலைப் பற்றி அவர்களுக்குள்ளே பேச்சு நடந்ததாம். ஒரு வயலின்தான் இருக்கிறது, ஆகவே நிபந்தனை மீறவில்லை என்று முடிவாம். அச்சில் போடுவதற்கு அந்த இன்னொருவருடைய பெயரும் வாத்தியமும் மட்டும் வேண்டுமாம்.

நான் பதிந்த கேசட்டுகளையும் சி.டி.க்களையும் அடுக்கினால் எங்கள் கூரையை முட்டும். ஒன்றிலும் என் பெயர் கிடையாது. "என்ன வாத்தியம்னு போடண்ணே?" என்று கேட்டாள். யோசித்துப் பார்த்து, "வாய்" என்றேன். அப்படியே போட்டாள். வீட்டில் சொன்னபோது வசந்தா, "அது ஒண்ணுதான் ஓயாம ஓடுற வாத்தியம், சரியாத்தான் கண்டுபிடிச்சுருக்காக" என்றாள்.

டிக்கெட் ஒருவருக்குத்தான், அவள் போனாள். மேடைக்குக் கீழே யாரோ ஒருவர் கையில் தன் போனைக் கொடுத்து, எனக்கு அழைப்புப் போட்டுக் கேட்க வைத்தாள். இங்கே விளக்கு வைக்கிற நேரம். நான் வீட்டு முன்னறையில் நாற்காலியில் உட்கார்ந்து, போனைக் காதோடு வைத்திருந்தேன். கையில் கடிகாரம். சட்டி ஆயிற்று, பிரேக் ஆயிற்று, நார் ஆயிற்று. பதினொன்றாவது நிமிஷத்தில் வில் நின்றது. ஒரு பிசிர் இல்லாத அமைதி. வழி தெரியாமல் நிற்கவில்லை அவள், எனக்காக நிறுத்தியிருக்கிறாள் என்று புரிந்ததும் கண் முட்டிவிட்டது. நிமிர்ந்து உட்கார்ந்தேன். வாயைத் திறந்து, முழுத் தொண்டையில் கொடுத்தேன்.

"என்னங்க," என்று அடுப்படியிலிருந்து வசந்தா சத்தம் போட்டாள், "தண்ணித் தொட்டியில தவளை விழுந்துருச்சு போல, போய்ப் பாருங்க."

"பேசாம இரு," என்றேன், "வாசிச்சுக்கிட்டு இருக்கேன்."